கால் வைத்த இடம்

ஏகாம்பரகுப்பத்தில் ஒரு தறிக்கூடத்தின் மேல்
ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை எனக்கு.
கீழே இருபத்து நான்கு விசைத்தறிகள்.
நான் இழுக்கும் கோடெல்லாம் லேசாக நடுங்கும்.
அந்த நடுக்கத்தை என் பாணி என்று
சென்னையில் ஒருவர் எழுதினார்.
நான் மறுக்கவில்லை.

தணிகாசலம் மணிக்கு நூற்றைம்பது ரூபாய்க்கு நிற்கிறார்.
ஞாயிறுகளிலும், கரெண்ட் போன மதியங்களிலும்.
இடது கண் இருந்த இடத்தில்
தையல் பிரிந்து மறுபடி மூடிய பை போல ஒரு மடிப்பு.
நாடா எகிறிடுச்சு என்பார். அவ்வளவுதான்.
முனையில் பித்தளை என்று
ஒருநாள் டீ குடிக்கும்போது சேர்த்துச் சொன்னார்.

கண்ணப்பன், என்றேன்.
தெரியுமே என்றார்.
புத்தூரில் பஸ் மாறினால் காளத்தி.
இந்தப் பக்கம் ஒற்றைக் கண்ணோடு எவன் நடந்தாலும்
அந்தப் பெயர் முன்னால் வந்து நிற்கும்.
ஒருமுறை கண்டக்டர் டிக்கெட்டே கிழிக்கவில்லையாம்:
"சாமிக்கு ஏற்கெனவே குடுத்துட்டாரு, விடு."

"நான் குடுக்கலம்மா. அதுவாப் போச்சு.
அம்பு கிம்பு வரஞ்சிடாதீங்க."

அம்பை எடுத்தேன்.
பிசைகிற ரப்பரில் அது
கறுப்பு உருண்டையாகத் திரண்டு வந்தது.
வில்லும் அதற்குள்ளேயே போனது.
புலித்தோல் எனக்கே பிடித்திருக்கவில்லை.
கட்டம் போட்ட லுங்கி இருந்தது. இருக்கட்டும்.

மிஞ்சியது கால்.

வலது காலைத் தூக்கி வையுங்கள் என்றேன்.
எது மேல?
இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் காட்டினேன்.
செருப்பைக் கழற்றக் குனிந்தார்.
வேண்டாம், அவனும் செருப்போடுதான்.
வைத்தார். பிளாஸ்டிக் கொஞ்சம் உள்வாங்கியது.
காலண்டர்களில் அந்தக் காலுக்கு எடையே இருக்காது,
இறகைத் தொட்டு வைத்ததுபோல் இருக்கும்.
இந்தக் கால் ஐம்பத்தெட்டு கிலோ.

வெகுநேரம் கழித்து, அசையாமல் கேட்டார்:
"இப்ப யார் மூஞ்சி மேல நிக்கறேன்?"

எனக்குத் தெரியவில்லை.
கையை நீட்டி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து,
ஒரு கண்ணை மூடி,
முழங்காலிலிருந்து கணுக்கால் வரை அளந்தேன்.

"நீங்களும் ஒண்ண மூடிக்கறீங்க."

அப்போதுதான் ஆழம் போய்த் தட்டையாகும்,
தாளில் வைக்க முடியும், என்றேன்.

சிரித்தார். "எனக்கு எந்நேரமும் அப்படித்தான்.
படி, சாக்கடை, பெண்டாட்டி நீட்டற தட்டு,
எல்லாமே வரஞ்சு ஒட்டின மாதிரி.
எங்க முடியுது, எங்க ஆரம்பிக்குது,
கண்ணு சொல்லாது.
கால் போய்த் தொட்டுட்டு வந்து சொல்லும்.
அவன் கால் வச்சது அதுக்குத்தானே?
ரெண்டாவதையும் தோண்டிட்டா இருட்டு.
எடம் தவறக் கூடாதில்ல."

அதுவரை அந்தக் காலை
நான் மீறலாக வரைந்துகொண்டிருந்தேன்.
பாதத்துக்குக் கீழே இழுத்திருந்த தடித்த நிழலை
விரலால் தேய்த்தேன். போகவில்லை.
தேய்த்த இடம் சாம்பலாகி நின்றது.

கரெண்ட் வந்தது.
ஒன்று, இரண்டு, பிறகு கூடம் முழுக்கத் தறி.
கேனுக்குள் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்க
அதன் மேல் அந்தக் கால் மட்டும் நடுங்கவில்லை.
என் கோடு நடுங்கியது.
கட்டைவிரல் நகத்தைக் கெடுத்துவிட்டேன்.

போதும் என்றதும் காலை இறக்கி,
கேனைச் சாய்த்துச் சொம்பில் பிடித்து,
வாய் நிறையத் தண்ணீரோடு
தாளின் முன்னால் வந்து குனிந்தார்.
அவருக்குத் தூரம் தெரியாது.
மூக்கு கரியில் பட இருந்தது.
கன்னங்கள் உப்பியிருந்தன. விழுங்கவில்லை.

அவன் வாயில் நீர் கொண்டுவந்தவன்.

சட்டென்று இரண்டு கையாலும்
படத்தை மறைத்தேன்.

விழுங்கிவிட்டு, என் விரல்களுக்கு நடுவே
ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி,
"கேன் எங்க காணோம்?" என்றார்.